இறக்கத்தில் ஏறிய எண்

இந்தக் காலத்து மனிதர்களுக்குக் கண்ணால் பார்த்ததில் நம்பிக்கை கிடையாது, கையால் தொட்டதிலும் நம்பிக்கை கிடையாது. திரையில் ஓர் எண் வந்துவிட்டால் போதும், பெற்ற தாய் சொன்ன மாதிரி தலையாட்டுகிறார்கள். மழை பெய்கிறதா என்று கேட்டால் ஜன்னலைத் திறந்து பார்ப்பவன் இல்லை, பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கிறான். வண்டியில் இன்னும் எவ்வளவு ஓட்டம் பாக்கி என்று கேட்டால், "அதான் போட்டிருக்கே" என்கிறான். போட்டவன் யார், எதைப் பார்த்துப் போட்டான், எந்த மலையில் ஏறி இறங்கிய பிறகு போட்டான் என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

டேங்கர் இதைத்தான் காலை ஐந்தரை மணிக்கு வண்டி ஷெட்டின் வாசலில் நின்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தண்ணீர் டேங்கர் ஓட்டியதால் ஷெட்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் ஓட்டுவது குடிநீர் வாரியத்தின் கார். அதுவும் ஆறு மாதமாக டீசல் ஜீப் போய், வெள்ளை நிறத்தில் ஒரு மின்சார கார். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. செத்தவன் மாதிரி நிற்கும், திடீரென்று நகரும். ஷெட்டில் அதையும் சேர்த்து நான்கு கார்கள் சுவரில் தொங்கும் வயர்களை வாயில் கவ்விக்கொண்டு வரிசையாக நின்றன. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எண்ணெய்க் கறை இல்லாத ஷெட்டை டேங்கரால் ஷெட் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை வந்தான். டேங்கரின் ஒரே மகளைக் கட்டியவன். வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பாளனும் அவன்தான். வீட்டில் மாமனார் முன்னால் காலை நீட்டிக்கூட உட்கார மாட்டான். ஷெட்டில் அவன் மேலதிகாரி. இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் இருவரும் ஒருவரையொருவர் மரியாதையாகவே திட்டிக்கொள்வார்கள்.

"இன்னைக்கு நானும் வரேன் மாமா."

"ஏன் மாப்பிள்ளை, மலை பாக்கணும்னு ஆசை வந்துடுச்சா?"

"ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. பன்னெண்டரைக்கு பாட்டில் லேப்ல இருக்கணும். வழியில எங்கயும் பிளக் போடக் கூடாது."

"போட்டா?"

"வண்டிச் சாவிக் கார்டை என்கிட்ட குடுத்துடணும். நாளையிலேர்ந்து கேட்டுல உக்காரணும். ஸ்டூல் போட்டாச்சு."

டேங்கர் வாசல் பக்கம் பார்த்தார். உண்மையாகவே அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது. நேற்று மாலை வரை இல்லாத ஸ்டூல்.

"முதுகு வச்ச நாற்காலிகூடக் கிடையாதா? மாமனாருக்கு அதுகூட உங்களால வாங்கித் தர முடியலயே."

மாப்பிள்ளை காரிடம் போனான். வயரைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினான். திரையில் நூறு சதவீதம், நூற்றெண்பது கிலோமீட்டர் என்று வந்தது.

விஷயம் இதுதான். ஊருக்குக் குடிதண்ணீர் மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. தினமும் காலையில் லேப்காரம்மாள் மேலே போய் ஆறு இடத்தில் ஆறு பாட்டில் தண்ணீர் பிடித்து ஐஸ்பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். முதல் பாட்டில் ஏழரைக்கு நிரம்பினால் பன்னிரண்டரைக்குள் லேப் மேசைக்கு வந்தாக வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் வாங்க மாட்டார்கள், கொட்டிவிடுவார்கள். ஜீப் இருந்த காலத்தில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. கார் வந்த ஆறு மாதத்தில் பதினோரு நாள் கொட்டிவிட்டார்கள். பதினோரு நாளும் டேங்கர் இறங்கி வரும் வழியில், பாதி மலையில், ஒரு மர மில்லின் வாசலில் காரை நிறுத்தி, மில்காரனைக் கெஞ்சி, வயரைச் சொருகிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஊர் குடிக்கிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பதினோரு நாள் யாருக்கும் தெரியாமல் போனது.

லேப்காரம்மாள் ஐஸ்பெட்டியோடு வந்து பின்சீட்டில் ஏறினாள். நாற்பது வயது. சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

"இன்னைக்காவது என் பாட்டில் உயிரோட வருமா டிரைவரே?"

"பாட்டில்ல இருக்கிறது கிருமிதானே. செத்தா நல்லதுதானே."

"சாகாது. உங்க வாய் மாதிரி, நேரமாக ஆகப் பெருகும்."

மாப்பிள்ளை முன்சீட்டில் உட்கார்ந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சிரிக்கிறான் என்பது அவன் காதில் தெரிந்தது. டேங்கர் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே காரை எடுத்தார்.

முதல் இருபத்தேழு கிலோமீட்டர் சமதரை. அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை இல்லாத இடத்திலும் டேங்கர் சும்மா இருக்கவில்லை. ஏசியைத் தொடவிட மாட்டார். ஜன்னலைத் திறந்தால் காற்று பிடித்து இழுக்கும் என்று ஜன்னலையும் விட மாட்டார். பின்னால் லேப்காரம்மாள் அவித்த கிழங்கு மாதிரி வேர்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை போனுக்கு வயர் சொருகினான். டேங்கர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி அதைப் பிடுங்கினார்.

"மாமா, அது கொசு குடிக்கிற ரத்தம். வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"கொசுகூட ஆயிரம் கடிச்சா ஆளு காலி. வீட்டுல போடுங்க சார்ஜு."

மலை அடிவாரத்தில் எண்பத்தைந்து சதவீதம் இருந்தது. அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் ஏற்றம். ஏற ஏற, எண் ஓட்டைப் பானைத் தண்ணீராக இறங்கியது. வளைவுக்கு ஒன்று, சில வளைவுக்கு இரண்டு. டேங்கரின் கண் ரோட்டில் பாதி, திரையில் பாதி இருந்தது. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார், எண்ணில் மட்டும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

அவருக்கு இந்தப் பயம் வந்த கதையை ஷெட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள் என்பதால் இப்போதெல்லாம் அவர் சொல்வதில்லை. இருபது வருடத்துக்கு முன்னால், மூன்று நாள் தண்ணீர் காணாத ஒரு தெருவுக்கு டேங்கர் நிறையத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போனார். டீசல் முள் பாதி என்று காட்டியது. முள் பாதியிலேயே சிக்கி நான்கு நாளாகியிருந்தது அவருக்குத் தெரியாது. தெருவுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது எஞ்சின் இருமி நின்றது. குடத்தோடு ஓடிவந்த கூட்டம், டிரைவர் வேண்டுமென்றே நிறுத்தினான், வேறு எவனுக்கோ விற்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டியது. "முள் பாதியில இருக்கு, நீங்களே பாருங்க" என்று அவர் கதவைத் திறந்து காட்டினார். பாதி இருக்கிற வண்டி ஏன் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே ஒருவன் கல்லை எடுத்தான். வலது புருவத்தில் இன்றும் முடி முளைக்காத ஒரு கோடு உண்டு. அன்றிலிருந்து டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்க்காமல் வண்டி எடுத்ததில்லை. இந்தக் காரில் குச்சி விட ஓர் ஓட்டைகூட இல்லை.

ஏழே காலுக்கு மேலே போய்ச் சேர்ந்தார்கள். லேப்காரம்மாள் பாட்டில்களோடு இறங்கிப் போனாள். ஆறு இடத்துக்கும் நடந்து திரும்ப அவளுக்குப் பத்து மணி ஆகும். அதுவரை மாமனாரும் மாப்பிள்ளையும் பம்ப் அறையின் நிழலில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது, மற்ற நாட்களில் டேங்கர் வயர் சொருகுவது அதில்தான், அங்கே கரண்ட் இல்லாத நாளில்தான் மர மில். டேங்கர் அதை இரண்டு முறை பார்த்தார். மாப்பிள்ளை போய் அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

பத்து மணிக்கு லேப்காரம்மாள் வந்து ஏறினாள். டேங்கர் காரை உயிர்ப்பித்தார். முப்பத்தாறு சதவீதம். பக்கத்தில் நாற்பத்து நாலு கிலோமீட்டர்.

டேங்கர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மாப்பிள்ளை. லேப்புக்கு எவ்வளவு தூரம்?"

"அறுபத்திரெண்டு."

"இதுல என்ன போட்டிருக்கு?"

"நாப்பத்து நாலு. ஆனா மாமா, அது ஏறி வந்த கணக்குல போடுது. இறங்கும்போது..."

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நாப்பத்து நாலை வச்சு அறுபத்திரெண்டு போக முடியுமா? போன வாரம் வரைக்கும் எண்ணை நம்புங்க மாமா, எண்ணை நம்புங்க மாமான்னு என் உயிரை எடுத்தீங்க. இன்னைக்கு எண்ணு ஆகாதுங்குது, இப்ப அதை நம்பாதீங்கன்னா எப்படி? உங்களுக்கு வேணும்னா உண்மை, வேண்டாம்னா பொய்யா?"

கிழவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் மாப்பிள்ளைக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"நீங்க லீவு போட்ட ரெண்டு நாளும் மாத்து டிரைவர் ஓட்டினார் மாமா. இதே மலை, இதே வண்டி. எங்கயும் நிக்கல. லேப்புக்கு வந்தப்ப கால்வாசி மிச்சம் இருந்துச்சு."

"அவன் பொய் சொல்றான்."

"நான் பார்த்தேன்."

"அப்ப நீங்களும் சேர்ந்து சொல்றீங்க."

மாப்பிள்ளை முன்பெட்டியைத் திறந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் போட்டான். உள்ளே இரண்டு பிரேக் பேட். தேய்ந்து தேய்ந்து இரும்பு மட்டும் மிச்சம்.

"இது போன மாசம் இந்த வண்டியிலேர்ந்து கழட்டினது. மத்த மூணு வண்டியிலயும் பேட் புதுசு மாதிரி இருக்கு. இந்த வண்டியில பிரேக் தேயவே தேயாது, அப்படித்தான் செஞ்சிருக்கான். அஞ்சே மாசத்துல அதைத் தின்னு தீர்த்தவர் நீங்க ஒருத்தர்தான். எப்படின்னு எனக்கு இன்னும் புரியல. அதுக்குத்தான் கூட வந்தேன்."

"மலை இறங்கினா பிரேக் தேயும். சமதரையில ஊர் சுத்துற வண்டியில தேயாது. இதுக்கு ஒரு படிப்பு வேற."

"மணி பத்து பத்து," என்றாள் லேப்காரம்மாள் பின்னாலிருந்து. "மாமனாரும் மாப்பிள்ளையும் சம்பந்தம் பேசி முடிச்சாச்சுன்னா கிளம்பலாம்."

டேங்கருக்கு ஸ்டூல் ஞாபகம் வந்தது. வருகிற வண்டிக்குக் கம்பியைத் தூக்கவேண்டும், போகிற வண்டிக்கு இறக்கவேண்டும். மாற்று டிரைவர் போகும்போது ஹார்ன் அடித்துச் சிரித்துவிட்டுப் போவான். முப்பது வருடம் உட்கார்ந்த சீட்டிலிருந்து இறங்கி அவனுக்குக் கம்பி தூக்குவதைவிட ரோட்டில் நின்று கல்லடி படலாம். காரை எடுத்தார். ஆனால் மனதுக்குள் மர மில்லை எண்ணி வைத்துக்கொண்டார். பதினேழு கிலோமீட்டர். அதுவரைக்கும் எப்படியும் போய்விடலாம். அதன்பிறகு நடப்பது நடக்கட்டும்.

முதல் வளைவு தாண்டி இறக்கம் தொடங்கியது. டேங்கரின் இடது கை தானாகக் கீழே போனது. சீட்டுகளுக்கு நடுவிலிருந்த குமிழை ஒரு திருகு திருகிவிட்டு மறுபடி ஸ்டியரிங்குக்கு வந்தது. மூக்கைச் சொறிவது மாதிரி, அவருக்கே தெரியாத ஒரு காரியம். கார் ஒரு சத்தமும் போடாமல் கீழே உருள ஆரம்பித்தது. வேகம் கூடும்போதெல்லாம் பிரேக்கை அமுக்கினார்.

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். குமிழைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"மாமா. இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"நியூட்ரல்ல போட்டீங்களா?"

"எறக்கத்துல பின்ன எதுல போடுவாங்க? சும்மா உருளுற வண்டிக்கு எதுக்கு எண்ணெய எரிக்கணும்? முப்பது வருஷமா மலைக் கிராமத்துல தண்ணிய எறக்கிட்டு, காலி வண்டியில இந்த மலையை நியூட்ரல்லதான் இறங்கியிருக்கேன். நான் மிச்சம் பிடிச்ச டீசல்ல உங்க வாரியமே ஒரு வருஷம் ஓடும்."

"எண்ணெயே இல்லாத வண்டி மாமா இது."

"கரண்டு. எல்லாம் ஒண்ணுதான்."

மாப்பிள்ளை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "ஆறு மாசம்," என்றான் கைக்குள்ளிருந்து. "ஆறு மாசமா பேட்டரியைச் சந்தேகப்பட்டு மூணு தடவை கழட்டி மாட்டினேன்." பிறகு கையை எடுத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி மெதுவாகச் சொன்னான். "கேளுங்க. கியர்ல இருந்தா, காலை எடுத்ததும் சக்கரமே மோட்டாரைச் சுத்தும். மோட்டாரு பேட்டரிக்கு கரண்டை திருப்பி அனுப்பும். வண்டி தானா வேகம் குறையும். நியூட்ரல்ல போட்டா அந்த வழியே அடைஞ்சு போச்சு. மலை சும்மா குடுக்கறதை வேண்டாம்னுட்டு பிரேக்ல தேய்ச்சு புகையா விடறீங்க."

"சும்மா எவன் குடுப்பான்?"

"மலை குடுக்கும்."

"மலை உங்க சித்தப்பாவா?"

"கியர்ல, டி-யில போடுங்க மாமா."

"முடியாது."

அடுத்த வளைவில் பிரேக் காய்ந்த நாற்றம் உள்ளே வந்தது. மாப்பிள்ளை பொறுத்துப் பார்த்தான். பிறகு கையை நீட்டிக் குமிழைத் தொட்டான். டேங்கர் அந்தக் கையில் பளீரென்று ஓர் அடி வைத்தார். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளை மேல் கை வைத்தது அதுவே முதல் தடவை. மாப்பிள்ளை கையை இழுத்துக்கொண்டான். காது சிவந்தது. டேங்கர் காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

காருக்கு வெளியே ஒரு லாரி உறுமிக்கொண்டு ஏறிப் போனது.

"ஓடற வண்டியில டிரைவர் கையைத் தொடறவன் மனுஷனே கிடையாது," என்றார் டேங்கர்.

"சரி. தப்புதான். ஆனா நீங்க ஓட்டறது ஊரோட வண்டி. உங்க மாமியார் வீட்டுச் சீதனம் இல்ல."

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. லேப்காரம்மாள் இறங்கிவந்து டேங்கரின் ஜன்னலைத் தட்டினாள்.

"ரெண்டு பேரும் இறங்குங்க. அந்தப் பக்கம் போய் வேணுங்கற அளவுக்கு அடிச்சுக்குங்க. என்கிட்ட லைசென்ஸ் இருக்கு, நான் ஓட்டிட்டுப் போறேன். பதினோரு நாள் என் பேருக்கு நேரா சிவப்பு மையில எழுதியிருக்காங்க. எத்தனை தெருவுல குழந்தைங்களுக்கு வயித்தால போச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. தண்ணியில இருந்துச்சா, இல்லையா, தெரியல. உங்க நியூட்ரலு, உங்க முள்ளு, உங்க மாப்பிள்ளை, இதெல்லாம் எனக்கு எதுக்கு? இறங்குங்க டிரைவரே."

அவள் கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டேங்கர் அவளைப் பார்த்தார். இன்று இந்தச் சீட்டிலிருந்து இறங்கினால் இனி ஏறப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது. குழந்தைகளின் வயிறு பற்றி அவள் சொன்னதும் எங்கேயோ போய் இடித்தது. குடத்தோடு நின்ற கூட்டம் ஞாபகம் வந்தது. அன்றும் தண்ணீர் வராமல் போனது முள்ளால் இல்லை, குச்சி விட்டுப் பார்க்காத தன்னால்தான் என்று ஒரு நாளும் அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏறுங்கம்மா," என்றார். குமிழைத் திருகினார். "டி-யில போட்டுட்டேன். எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. வழியில நின்னுச்சுன்னா பொறுப்பாளர் மாப்பிள்ளைதான் தள்ளணும். லேப் வரைக்கும் தள்ளணும். நான் ஸ்டியரிங் பிடிப்பேன், அவ்வளவுதான்."

"தள்றேன்," என்றான் மாப்பிள்ளை.

கார் உருண்டது. டேங்கர் காலை எடுத்தார். எடுத்ததும், யாரோ பின்னால் கயிறு கட்டிப் பிடித்து இழுப்பது மாதிரி வண்டி தன்னைத்தானே அடக்கிக்கொண்டது. அந்த இழுப்பு அவருக்குப் புதிதில்லை. பாரம் ஏற்றிய லாரியை இரண்டாம் கியரில் போட்டு இறக்கும்போது எஞ்சின் பிடிக்கும் பிடி அது. முதுகெலும்பு அதைக் கண்டுகொண்டது. வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தேடிய கால், வேலை இல்லாமல் திரும்பி வந்தது.

மூன்றாவது வளைவு தாண்டியதும் மாப்பிள்ளை மெதுவாக, "முப்பத்தேழு," என்றான்.

டேங்கர் திரும்பவில்லை.

"முப்பத்தாறு முப்பத்தேழு ஆயிடுச்சு மாமா. தூரம் நாப்பத்தொன்பது."

"காது நல்லாத்தான் இருக்கு."

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லாதீங்க. இறக்கத்துல குறையாம இருக்கும், ஒத்துக்கறேன். ஏறும்னா, கறந்த பால் மடிக்குத் திரும்பப் போச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு. எவனோ ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, இந்த ஊர்க் கிழவன் பயந்து சாகறான், ரெண்டு எண்ணைக் கூட்டிக் காட்டுன்னு செஞ்சு வச்சிருக்கான்."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தான். லேப்காரம்மாள் பின்னாலிருந்து அவன் தோளில் ஒரு விரலால் தட்டினாள். வாயை மூடிக்கொண்டான்.

மர மில் தூரத்தில் தெரிந்தது. ரம்பத்தின் கிறீச்சும் மரத்தூள் வாசனையும் முன்னாலேயே வந்துவிட்டன. திரையில் முப்பத்தெட்டு. தூரம் ஐம்பத்தெட்டு. இன்னும் போக வேண்டியது நாற்பத்தைந்து. எண் சொன்னது பொய்யாக இருந்தால்? ஏறின மாதிரி காட்டிவிட்டு, அடிவாரத்தில் போய் ஒரே அடியாகப் பூஜ்யத்தில் விழுந்தால்? நடுரோட்டில் நின்று, "திரையில அம்பத்தெட்டு போட்டிருக்கு, நீங்களே பாருங்க" என்று யாரிடம் காட்டுவது? மில்காரன் வாசலில் நின்றிருந்தான். காரைக் கண்டதும், வந்துட்டான்டா என்பது மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு, பிளக் இருக்கும் பக்கம் நடந்தான்.

டேங்கரின் கை இண்டிகேட்டரைப் போட்டது. இடது பக்கம் டிக் டிக் என்று அடித்தது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. லேப்காரம்மாளும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் டேங்கர் வீம்புக்காகவே திருப்பியிருப்பார். சொல்லாததால் அவர் தனியாக முடிவு செய்ய வேண்டியதாகிவிட்டது. மில் வாசல் இருபது அடி, பத்து அடி.

கை இண்டிகேட்டரை அணைத்தது.

மில்காரன் வயரும் கையுமாக நின்று கார் போவதைப் பார்த்தான். கண்ணாடியில் அவன் சின்னதாகிப் போனான். டேங்கருக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. வீரம் வந்த மாதிரியெல்லாம் இல்லை. கிணற்றில் விழுந்தபிறகு நீந்தித்தானே ஆக வேண்டும், அந்த மாதிரிதான் இருந்தது.

அடிவாரத்தில் நாற்பது சதவீதம். மேலே புறப்பட்டபோது இருந்ததைவிட நாலு அதிகம். முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கிளம்பினபோது இருந்ததைவிடக் கூட இருந்தது. மாப்பிள்ளை திரை நன்றாகத் தெரியும்படி தன் முழங்காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டான். டேங்கருக்கு அந்த முழங்காலை உடைக்கலாம் போல இருந்தது.

சமதரையில் எண் இறங்க ஆரம்பித்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, முப்பத்தேழு. இது ஒழுங்கான வண்டி செய்கிற காரியம். ஓடினால் குறையும்.

"பாத்தீங்களா, குறையுது," என்றார் வெற்றி பெற்றவர் மாதிரி.

"குறையத்தான் மாமா செய்யும்."

"அதான் நானும் சொல்றேன்."

லேப் வாசலில் நிறுத்தும்போது மணி பன்னிரண்டு இருபது. இருபத்தைந்து சதவீதம் மிச்சம். லேப்காரம்மாள் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நன்றி என்று சொல்வாள் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தான். டேங்கர் எதிர்பார்க்கவில்லை. அவர் நினைத்ததுதான் நடந்தது.

"நாளைக்கு ஜன்னலைத் திறப்பேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அங்கிருந்து ஷெட் இரண்டு தெரு. மாப்பிள்ளை மேசையிலிருந்து அச்சடித்த ஒரு தாளை எடுத்துவந்தான். டேங்கர் கண்ணைச் சுருக்கி, எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். நேரம் பிடித்தது. மாப்பிள்ளை படித்துச் சொல்ல வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். தாளில் அவர் வண்டியைச் சரியாக ஓட்டக் கற்றுக்கொண்டார் என்றும், வண்டியின் ஓட்ட தூரத்தைப் பற்றி அவருக்கு முழு நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்து போட்டா?"

"கார்டு உங்ககிட்டயே இருக்கும். ஸ்டூலை எடுத்துடறேன்."

"நியூட்ரல்ல போட மாட்டேன்னு எழுதுங்க, போடறேன். வண்டி பன்னெண்டு இருபதுக்கு வந்துச்சுன்னு எழுதுங்க, அதுக்கும் போடறேன். நம்பிக்கை வந்துச்சுன்னு எழுதினா போட மாட்டேன்."

"மாமா, நீங்களே ஓட்டிட்டு வந்தீங்க. உங்க கண்ணாலயே பார்த்தீங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒரு நாள் வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைத் தாண்டறவனும் ஒரு நாள் தாண்டிடுவான்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் டி-யிலதான் ஓட்டுவேன். மில்லுல நிக்க மாட்டேன். பயந்துக்கிட்டேதான் ஓட்டுவேன். அதை வேண்டாம்னு சொல்ல உங்க தாள்ல இடம் இல்ல."

மாப்பிள்ளை அடிபட்ட புறங்கையைத் தேய்த்துக்கொண்டான். பிறகு பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்தான். அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்தது. டேங்கர் கீழே தன் பெயரின் முதல் எழுத்தை எழுதி, அதற்கு ஒரு கோடு போட்டார்.

"ஏறுங்க மாமா," என்றான் மாப்பிள்ளை, காரைக் காட்டி. "டூட்டி முடிஞ்சுதே. வீட்டுல விட்டுடறேன். வெயில் கொளுத்துது."

"எவ்வளவு இருக்கு?"

"இருபத்தஞ்சு பர்சென்ட். உங்க வீடு நாலு கிலோமீட்டர்."

டேங்கர் காரைப் பார்த்தார். வயர் இல்லாமல், சத்தமில்லாமல், எதையும் ஒப்புக்கொள்ளாத முகத்தோடு நின்றது அது. குனிந்து அதன் அடியில் ஒருமுறை எட்டிப் பார்த்தார். தட்டையான ஒரு மூடி. அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அந்த மூடியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. நிமிர்ந்து, துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல வயரைச் சொருகுங்க," என்றார். "நாளைக்கு அஞ்சரைக்கு எனக்கு நூறு வேணும்."

வெயிலில் நடக்க ஆரம்பித்தார். பின்னால் மாப்பிள்ளை என்னவோ சொன்னான். அது கிண்டலா மரியாதையா என்று நின்று கேட்க அவருக்கு நேரமில்லை, நாலு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.